முப்பத்தெட்டு நிமிடம் பிறந்த கதை

1953இல் டொரண்டோ நகரத்தில் ஒரு தகப்பனார் ஒரு மடக்கு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நான்கு கால்களையும் ரம்பத்தால் அறுத்தார். சீட்டாடும் மேஜையோடு போட்டு உட்காரும் சாதாரண நாற்காலி அது. ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 4 அங்குலம் போனது. அறுத்த முனைகளில் பித்தளைப் பூண் மாட்டித் திருகு வைத்தார். எந்தக் காலை வேண்டுமானாலும் தனியாகத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். உட்காரும் இடம் தரையிலிருந்து 14 அங்குல உயரத்தில் நின்றது. பெர்ட் கூல்டுக்குத் தொழில் ஃபர் கோட்டு வியாபாரம். அளவு பார்த்து வெட்டிப் பழகிய கை. இந்த அளவும் தப்பவில்லை. மகன் க்ளென் அந்த நாற்காலியைச் சாகும்வரை விடவே இல்லை.

நான் சொல்ல வந்தது ஓர் இசைத்தட்டு பிறந்த கதை. 1955 ஜூனில் பதிவாகி 1956 ஜனவரியில் கடைக்கு வந்த, பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் தட்டு. வாசித்தவர் க்ளென் கூல்ட், பதிவின்போது வயது 22. தட்டின் கதையை நாற்காலியிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. கூல்டைப் பற்றி எழுத வந்த விமர்சகர்களில் பலர், காதில் விழுந்ததை எழுதுவதற்கு முன்னால் கண்ணில் பட்ட அந்த நாற்காலியைத்தான் எழுதினார்கள். அந்தத் தட்டை ஒருவர் மட்டும் நாற்காலியை மறந்து, காதை மட்டும் வைத்துக் கடுமையாக விமர்சித்தார். அவர் யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அவ்வளவு தாழ்வாக உட்கார்ந்தால் பியானோவின் கட்டைகள் கிட்டத்தட்ட நெஞ்சுக்கு நேராக வந்துவிடும். தோளின் பலத்தை மேலிருந்து இறக்கி வாசிக்கும் பெரிய கச்சேரி பாணிக்கு இது உதவவே உதவாது. விரல்கள் மட்டுமே வேலை செய்யும். கூல்டுக்கு வேண்டியதும் அதுதான். பத்து வயதுவரை அம்மாவிடம் கற்றுக்கொண்டபின் அவர் போய்ச் சேர்ந்த இடம், சிலி நாட்டிலிருந்து வந்து டொரண்டோவில் குடியேறியிருந்த அல்பெர்ட்டோ கெரேரோவின் வகுப்பு. கெரேரோ ஒரு விசித்திரமான சாதகம் வைத்திருந்தார். இடது கையைத் தளர்வாகக் கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். அந்தக் கை தானாக எதையும் அழுத்தக் கூடாது. வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். தட்டிய விரல் கட்டையைத் தொட்டுவிட்டுத் தானாக மேலே எழும்பும். ஒரு ஸ்வரத்துக்கு எவ்வளவு குறைந்த பலம் போதும் என்பதை விரல் அப்படித்தான் தெரிந்துகொள்ளும். கோல்ட்பெர்க் பதிவுக்கு முன்னால் முழுப் படைப்பையும் இப்படித் தட்டித் தீர்த்ததாகவும், அதற்கு 32 மணி நேரம் ஆனதாகவும் உடன் படித்த ஒருவரிடம் கூல்ட் சொல்லியிருக்கிறார். அந்தத் தட்டைக் கேட்கும்போது மின்னலாக ஓடும் இடங்களில்கூட ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மணி மணியாக உதிர்கிறதே, அது அந்த 32 மணி நேரத்தின் சம்பாத்தியம்.

படைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாக் இதை 1741இல் நியூரம்பர்க்கில் அச்சிட்டு வெளியிட்டார். முதலில் ஓர் ஏரியா, நிதானமான ஒரு பாட்டு. அதைத் தொடர்ந்து முப்பது வேரியேஷன்கள். முடிவில் மறுபடியும் அதே ஏரியா. வேரியேஷன் என்றதும் பல்லவி வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வதை நினைத்துக்கொள்வோம். இங்கே விரிவது மேலே கேட்கும் மெட்டு அல்ல. ஏரியாவின் அடியில் இடது கை நடந்துபோகிறதே, அந்தக் கீழ்ஸ்வரங்களின் வரிசைதான் முப்பதுக்கும் அஸ்திவாரம். அஸ்திவாரம் அசையாது. அதன் மேல் ஒவ்வொரு முறையும் வேறு வீடு எழும். மூன்றுக்கு ஒன்று கேனன். ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் சற்றுப் பிந்தி அப்படியே திரும்பச் சொல்லும். முதல் கேனனில் இரண்டு குரலும் ஒரே ஸ்வரத்தில் தொடங்கும். அடுத்ததில் ஒரு ஸ்வரம் தள்ளித் தொடங்கும். இப்படி இடைவெளி ஒவ்வொன்றாக விரிந்துகொண்டே ஒன்பதாவது கேனன்வரை போகும். இந்தக் கணக்கு தெரியாமலே கேட்கலாம். பலரும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கோல்ட்பெர்க் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது ஒரு கதையால். தூக்கம் வராத ஒரு பிரபு, இரவில் அவருக்காக வாசிக்கும் கோல்ட்பெர்க் என்ற இளைஞன், அவனுக்காக பாக் எழுதிக் கொடுத்தது இது என்று 1802இல் வெளியான பாக் வரலாற்று நூல் சொல்கிறது. 1741இல் அந்தக் கோல்ட்பெர்க்குக்கு 14 வயது. அச்சுப் பிரதியில் பிரபுவுக்கு ஒரு வரி சமர்ப்பணம்கூடக் கிடையாது. கதையை ஆராய்ச்சியாளர்கள் நம்பத் தயங்குகிறார்கள். ஆனால் உறக்கத்துக்கு எழுதிய இசை என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

கூல்டுக்கு முன் பியானோக்காரர்கள் இதை அதிகம் தொடாததற்கு வேறு காரணம் உண்டு. பாக் இதை இரண்டு அடுக்குக் கட்டைகள் உள்ள ஹார்ப்சிகார்டுக்கு எழுதினார். இரண்டு கைகளும் ஒரே ஸ்வரப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும்படி பல வேரியேஷன்கள் அமைந்திருக்கின்றன. மேல் அடுக்கில் ஒரு கை, கீழ் அடுக்கில் ஒரு கை என்றால் தொல்லை இல்லை. பியானோவில் இருப்பது ஒரே அடுக்கு. ஒரு கை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டையையே மறு கையும் தேடி வரும். ஒன்று மற்றொன்றுக்கு அடியில் புகுந்து வெளியேற வேண்டும். அதோடு, இந்தப் படைப்புக்கு அப்போது ஓர் உரிமைக்காரி இருந்தார். வாண்டா லாண்டோவ்ஸ்கா. 1933இல் பாரிஸில் ஹார்ப்சிகார்டில் பதிவு செய்தார். 1945இல் அமெரிக்காவில் மறுபடியும் செய்தார். சிலியின் பெரிய பியானோ கலைஞர் கிளாடியோ அராவ் 1942இல் பியானோவில் பதிவு செய்து வைத்திருந்ததை, லாண்டோவ்ஸ்கா அதே நிறுவனத்துக்கு வாசிக்க வருகிறார் என்பதற்காக விட்டுக்கொடுத்தார். அராவின் பதிவு வெளியே வந்தது 1988இல்தான். ஆக, 22 வயதுப் பையன் ஒருவன் தன் முதல் தட்டுக்கு இதைத்தான் எடுப்பேன் என்று நின்றது சின்ன விஷயம் இல்லை.

அந்த வாய்ப்பு கிடைத்ததே ஒரு விமர்சகரும் ஒரு ரசிகரும் ஒன்பது நாள் இடைவெளியில் கேட்ட இரண்டு கச்சேரிகளால்தான்.

1955 ஜனவரி 2, ஞாயிற்றுக்கிழமை. வாஷிங்டனில் பிலிப்ஸ் ஓவியக் கூடத்தில் கூல்டின் முதல் அமெரிக்கக் கச்சேரி. வாஷிங்டன் போஸ்ட் விமர்சகர் பால் ஹ்யூம் வந்திருந்தார். இந்த ஹ்யூம் யார் என்பது அமெரிக்காவுக்கே தெரியும். 1950 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரூமனின் மகள் மார்கரெட் பாடிய கச்சேரியை, சுருதி சேரவில்லை என்று ஒளிக்காமல் எழுதியவர். அதற்கு ஜனாதிபதியே கைப்பட எழுதிய கடிதத்தில், உன்னை நேரில் பார்த்தால் உனக்குப் புது மூக்கு தேவைப்படும் என்று மிரட்டியிருந்தார். முகத்துக்காகப் பாராட்டுகிறவர் அல்லர் ஹ்யூம். அவர் மறுநாள் எழுதியதன் சாரம் இது: வருடம் பிறந்து இரண்டே நாள்தான் ஆகிறது, ஆனாலும் 1955 முடியும்வரை இதைவிடச் சிறந்த பியானோ கச்சேரி வரப்போவதில்லை, எந்த வயதிலும் இவரைப் போன்ற ஒரு பியானோ கலைஞரை நாம் அறிந்ததில்லை. நாற்காலியைப் பற்றிய பேச்சு இன்னும் ஊரில் பரவாத நேரம் அது. அவர் கேட்டதை எழுதினார்.

ஜனவரி 11, நியூயார்க் டவுன் ஹால். அரங்கம் நிறையவில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும். புதிதாக வருகிறவர்கள் சொப்பினையோ லிஸ்டையோ வைத்துக் கைதட்டல் வாங்குவது வழக்கம். கூல்ட் வைத்தது கிப்பன்ஸ், ஸ்வீலிங்க், பாக், வெபர்ன், பீத்தோவனின் பிற்கால சொனாட்டா ஒன்று, பெர்க். வந்திருந்த கொஞ்சப் பேரில் கொலம்பியா நிறுவனத்தின் செவ்வியல் இசைப் பிரிவை நடத்திய டேவிட் ஓப்பன்ஹைம் ஒருவர். வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடர், டொரண்டோவில் இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார். மறுநாளே ஒப்பந்தம் பேசப்பட்டது. ஒரே ஓர் அறிமுகக் கச்சேரியைக் கேட்டுவிட்டு அந்த நிறுவனம் ஒருவரைச் சேர்த்துக்கொண்டது அதுவே முதல் தடவை.

என்ன வாசிக்கப் போகிறாய் என்று கேட்டார்கள். கோல்ட்பெர்க் என்றார். முதல் தட்டுக்கு இது வேண்டாமே, பாக்கின் இன்வென்ஷன்கள் போன்ற எளியவை இருக்கின்றனவே என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. அவரைப் பொறுத்தவரை அது புதுச் சாகசமும் இல்லை. 1954 ஜூனிலேயே கனடிய வானொலியில் முழுவதையும் வாசித்திருந்தார். அந்த ஒலிபரப்பு இன்று கிடைக்கிறது. நடை நிதானமாக, ஆசிரியர் எதிரில் பாடம் ஒப்பிப்பதைப் போல ஒரு பணிவோடு இருக்கும். ஒரே வருடத்தில் அந்தப் பணிவு எங்கே போனது என்று வியக்கும்படியாக இருந்தது அடுத்து நடந்தது.

1955 ஜூன் 10. நியூயார்க் 30ஆம் தெருவில் கொலம்பியாவின் ஸ்டுடியோ. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். உயர்ந்த கூரை, மரத்தரை, ஒலி சற்றுத் தங்கிக் கரையும் இடம். ஜூன் மாத வெயிலில் கூல்ட் ஓவர்கோட்டும் மஃப்ளரும் தொப்பியும் கையுறையும் அணிந்து வந்து இறங்கினார். கூடவே சாமான்கள்: நோட்டுகள் அடங்கிய பை, ஒரு கட்டுத் துண்டுகள், பெரிய பாட்டில்களில் ஊற்றுநீர், சின்னச் சின்னப் புட்டிகளில் மாத்திரைகள், அப்பா அறுத்துக் கொடுத்த நாற்காலி. வாசிக்க உட்காரும் முன் முழங்கைவரை இரண்டு கைகளையும் வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைப்பார். பிறகு துண்டால் ஒற்றி எடுப்பார். ஸ்டுடியோவின் குளிர்சாதனத்தை ஒரு பொறியாளர் அவருக்கு ஏற்றாற்போல ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். வாசிக்கும்போது வாயில் ஒரு முனகல் ஓடும். அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அதை அவரால் நிறுத்த முடியவில்லை.

வாரம் முடிவதற்குள் நான்கு நாள் பதிவில் வேலை முடிந்தது. தயாரிப்பாளர் ஹோவர்ட் ஸ்காட். டேப்பில் பதியும் முறை வந்துவிட்டிருந்த காலம் என்பதால் ஒரே மூச்சில் வாசித்துத் தீர்க்க வேண்டியதில்லை. ஒன்றைப் பலமுறை வாசித்து நல்லதை எடுத்துக்கொள்ளலாம், வெட்டி ஒட்டலாம். ஏரியாவைக் கடைசியில் வாசித்ததாகவும், இருபது தடவை வாசித்துத் தள்ளிவிட்டு இருபத்தோராவதை வைத்துக்கொண்டதாகவும் கூல்டே பின்னாளில் சொன்னார். காரணம் எனக்குப் பிடித்த காரணம். தொடக்கப் பாட்டில் அதிகம் உருகிவிட்டால், பின்னால் வரப்போகும் ஆழங்களுக்கு மிச்சம் இருக்காது. முகத்தில் எதையும் காட்டாத ஓர் ஏரியா அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஜூன் மாதத்து டேப்புகளில் மிஞ்சியவை எல்லாம் 2017இல் ஏழு குறுந்தகடுகளாக வெளிவந்திருக்கின்றன. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்காட்டின் குரல் எண்ணைச் சொல்கிறது, இந்தப் பக்கம் கூல்ட் தொடங்குகிறார், நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். தட்டில் 38 நிமிடத்தில் ஓடிப்போகும் ஒன்றை இப்படி மெல்ல மெல்லக் கேட்பது, தறியில் துணி நெய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதைப் போல.

இதற்கடுத்து நடந்ததை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். தட்டு வெளிவர இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தபோதே, ஜூன் 25ஆம் தேதி, கொலம்பியா பத்திரிகைகளுக்கு ஒரு செய்திக்குறிப்பு அனுப்பியது. அதில் வேரியேஷன்களைவிட ஓவர்கோட்டும் வெந்நீரும் மாத்திரைப் புட்டிகளும் நாற்காலியும்தான் அதிகம். பிழைக்கத் தெரிந்த விளம்பரம் என்று சொல்லலாம். பத்திரிகைகள் ஆவலோடு அள்ளிக்கொண்டன. ஹ்யூம் கேட்ட கூல்ட் அன்றோடு மங்கிப்போனார். அதற்குப் பிறகு அவரைக் கேட்கப் போன விமர்சகர், துண்டையும் தண்ணீர் டம்ளரையும் எதிர்பார்த்துத்தான் போனார். எதிர்பார்த்ததைப் பார்த்ததும் எழுதினார். ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போது கூல்ட் கால்மேல் கால் போட்டுக்கொண்டதைப் பற்றி எழுதப்பட்டதில் நாலில் ஒரு பங்காவது அவருடைய இடது கையைப் பற்றி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

1956 ஜனவரியில் தட்டு வந்தது. அட்டையில் வேரியேஷனுக்கு ஒன்றாக முப்பது புகைப்படங்கள். உள்ளே விளக்கக் கட்டுரையை கூல்டே எழுதியிருந்தார். இந்த இசைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்பது அவர் வாதம். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். திரும்ப வாசிக்கச் சொல்லி பாக் போட்ட குறிகளை ஒன்றுவிடாமல் தாண்டியிருந்தார். பெடலை ஏறக்குறைய மறந்தேவிட்டார். ஏரியா இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முடிந்துவிட்டது. அடுத்த நொடி முதல் வேரியேஷன் கதவை உதைத்துக்கொண்டு ஓடி வருகிறது. உறக்கத்துக்கு எழுதிய இசை என்ற பேச்சு அங்கேயே தீர்ந்தது. பாராட்டியவர்கள் தெளிவையும் துணிச்சலையும் பாராட்டினார்கள். தயங்கியவர்கள் வேகம் அதிகம், ஓர் இளைஞனின் அவசரம் தெரிகிறது என்றார்கள். இரு தரப்பும் பேசியது ஒரே விஷயத்தைத்தான். செவ்வியல் தட்டு என்றால் சில ஆயிரம் விற்பதே பெரிது என்றிருந்த நாளில், 1960க்குள் 40,000 பிரதிகள் போயின. பாக்கைப் பியானோவில் வாசிப்பதற்கு அதற்குப் பின் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தட்டு அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. எல்லா ஊருக்கும் போய்ச் சேராது அல்லவா? 1957 மே மாதம் மாஸ்கோவில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. கன்சர்வேட்டரியின் பெரிய மண்டபத்தில் கச்சேரியின் முதல் பாதிக்குப் பல நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இடைவேளையில் ரசிகர்கள் தொலைபேசியைத் தேடி ஓடினார்கள். தெரிந்தவர்களை எல்லாம் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். இரண்டாம் பாதிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. செய்திக்குறிப்பைப் படிக்காத ஊர் அது. அதே மாதம் பெர்லினில் கராயன் நடத்திய கச்சேரியில் பீத்தோவன் வாசித்தார். ஜெர்மானிய விமர்சகர்களில் மூத்தவரான ஸ்டக்கன்ஷ்மிட், பியானோ மேதை புசோனிக்குப் பிறகு இப்படி ஒருவரைக் கேட்டதில்லை என்ற பொருளில் எழுதினார். புசோனியை நேரில் கேட்ட தலைமுறையின் வாயிலிருந்து வந்த சொல் அது.

சொந்தக் கண்டத்தில் காற்று வேறு மாதிரி அடித்தது. 1962 ஏப்ரல் 6, கார்னகி ஹால், பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோ. வாசிக்கும் முன் நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் மேடைக்கு வந்து, இவ்வளவு மெதுவான நடையில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனாலும் கூல்ட் சிந்திக்கும் கலைஞர், ஆகவே உடன் வாசிக்கிறேன் என்று சபையிடம் சொன்னார். மரியாதையோடுதான் சொன்னார். நியூயார்க் டைம்ஸின் ஹெரால்ட் ஷோன்பெர்க் மறுநாள் விமர்சனத்தை, எப்போதோ காலமாகிவிட்ட பியானோ கலைஞர் ஒசிப் கப்ரிலோவிச்சுக்கு எழுதும் கேலிக் கடிதமாக எழுதினார். கடைசியில் ஒரு குத்து: நடை இவ்வளவு மெதுவாக இருப்பது, பையனுக்குக் கைவசம் அவ்வளவு வித்தை இல்லாததாலோ என்னவோ. முதல் தட்டில் வேகம் அதிகம் என்று குறை கேட்ட அதே விரல்களைப் பற்றி! ஷோன்பெர்க் பியானோ இசை நன்றாகத் தெரிந்தவர், நல்ல புத்தகங்கள் எழுதியவர். அந்த ஒரு நாள் அவர் காதை வீட்டில் வைத்துவிட்டு வந்தார் என்றே நினைக்கிறேன்.

1964 ஏப்ரல் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததோடு கூல்ட் மேடையை விட்டார். 31 வயது. அந்தப் பிராம்ஸ் விமர்சனத்தால் விட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. கைதட்டலைத் தடை செய்ய வேண்டும் என்று அதற்கு முன்பே கட்டுரை எழுதியவர் அவர். கச்சேரி என்பது கலைஞனைக் காட்சிப்பொருளாக்கும் இடம், தட்டுதான் கேட்பதற்கான இடம் என்று மனதார நம்பினார். ஸ்டுடியோவில் நாற்காலி யார் கண்ணிலும் படாது. கிறீச்சென்று அது முனகுவது மட்டும் சில பதிவுகளில் கேட்கும்.

அதன்பின் விமர்சகர்களின் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை லிஸ்ட் பியானோவுக்கு மாற்றி எழுதியிருந்ததை 1968இல் தட்டாக வெளியிட்டபோது, அட்டையின் பின்பக்கத்தில் நான்கு மதிப்புரைகள் இருந்தன. ஆங்கிலேயர் ஒருவர், ஜெர்மானியப் பேராசிரியர் ஒருவர், ஹங்கேரியர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர். நால்வரும் கற்பனை ஆட்கள், நான்கையும் எழுதியவர் கூல்ட். ஒவ்வொரு நாட்டு விமர்சகரும் எந்த நடையில் குறை காண்பார் என்பது அவருக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. 1974இல் ஒரு பத்திரிகையில் தன்னைத் தானே பேட்டியும் எடுத்தார். வேடிக்கைபோலத் தெரியும். எனக்கு அதில் வலிதான் தெரிகிறது. ஒருவரும் சரியான கேள்வியைக் கேட்கவில்லை என்றால், தானே கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்.

அந்தச் சரியான கேள்வியை அவர் கேட்டது 1981இல். பதிவு செய்ததையே திரும்பப் பதிவு செய்வது அவர் வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதே 30ஆம் தெரு ஸ்டுடியோவுக்குத் திரும்பிப் போனார். அந்த ஸ்டுடியோ மூடப்படப்போகும் நேரம். பியானோ ஸ்டைன்வே இல்லை, யமஹா. பதிவு டிஜிட்டல். திரைப்பட இயக்குநர் புருனோ மொன்சாஞ்ஜோன் கேமராவோடு நின்றார். படத்தில் அந்த நாற்காலியைப் பார்க்கலாம். மெத்தை என்றோ போய்விட்டது, உட்காரும் இடத்தில் சட்டம்தான் மிச்சம். கண்ணாடி போட்ட, தலை வழுக்கையாகிக்கொண்டிருந்த, 48 வயதுக்கு மூப்பாகத் தெரியும் ஒருவர் அதில் குனிந்து, மூக்கு கட்டையைத் தொடுமளவுக்கு நெருங்கி வாசிக்கிறார்.

போவதற்கு முன் தன் பழைய தட்டை முழுதாகக் கேட்டிருக்கிறார். 1982 ஆகஸ்டில் விமர்சகர் டிம் பேஜிடம் அதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார். அந்த உரையாடல்தான் நான் முதலில் சொன்ன கடுமையான விமர்சனம். வாசிப்பில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இதை வாசித்த ஆள் யார் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை என்கிறார். குறை வேகத்தில் இல்லை. முப்பது வேரியேஷன்களும் முப்பது தனித்தனி ஆட்களாக நிற்கின்றன, ஒன்றின் மூச்சு மற்றொன்றில் தொடரவில்லை என்பதுதான் அவர் சொன்ன குற்றம். புதிய பதிவில் அதைத் திருத்தினார். ஒரே அடிப்படைத் துடிப்பு. ஒரு வேரியேஷன் அதன் இரட்டிப்பில் போகும், இன்னொன்று பாதியில் போகும், மற்றொன்று வேறொரு கணக்கில் இணையும். தொடக்கம்முதல் முடிவுவரை ஒரே நாடி. ஏரியா மூன்று நிமிடத்துக்கு மேல் நீண்டது. சில இடங்களில் திரும்பவும் வாசித்தார். மொத்தம் 51 நிமிடம் ஆனது. இருபத்தாறு வருடம் ஊரெல்லாம் வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர்கூட இந்தக் குற்றத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக நான் படித்ததில்லை.

ஓர் இடத்தில் மட்டும் அவரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இருபத்தைந்தாவது வேரியேஷன். மைனரில் அமைந்த, துயரம் தேங்கி நிற்கும் அடாஜியோ. 1955இல் அதை வாசித்தது சொப்பின் நாக்டர்ன் மாதிரி இருக்கிறது, உணர்ச்சியை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது என்று கூல்ட் வெட்கப்பட்டார். வேகக்காரன் என்று பெயர் வாங்கிய அந்த இளைஞன், இந்த ஒன்றை மட்டும் பின்னாளைய கூல்டைவிட மெதுவாக வாசித்திருக்கிறான். ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதை நான் முதலில் கேட்டது இரவல் வாங்கிய ஒரு கேசட்டில், இரவில், காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு. பியானோவுக்குப் பின்னால் யாரோ முனகுவது கேட்டது. டேப் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, கேசட்டை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். முனகல் அப்படியே இருந்தது. ஸ்வரம் இறங்கும்போது அதுவும் இறங்கியது. பிறகுதான் விளங்கியது, இது கோளாறு இல்லை, ஆள். அந்த இருபத்தைந்தாவதை அவர் பின்னாளில் மறுத்ததை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிய தட்டு 1982 செப்டம்பரில் வெளிவந்தது. 25ஆம் தேதி அவருக்கு 50 வயது நிறைந்தது. 27ஆம் தேதி பக்கவாதம் தாக்கியது. அக்டோபர் 4ஆம் தேதி டொரண்டோவில் காலமானார். புதிய தட்டின் மதிப்புரைகளும் இரங்கல் குறிப்புகளும் ஒரே வாரங்களில் அச்சாயின. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும் வழக்கம் அப்போது தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. 1983இல் புதியதற்குக் கிராமி விருதுகள் கிடைத்தன. அதே ஆண்டு பழையதும் கிராமியின் பெருமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

டொரண்டோவின் மவுண்ட் பிளெசன்ட் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல் இருக்கிறது. அதில் பெயரோடு ஏரியாவின் முதல் சில அடிகளை ஸ்வரக் குறிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை. பாக்கும் போடவில்லை.